செல் உருண்டைக்குள் இரத்த நாளம்: வசதி குறைந்த ஆய்வகத்தில் எதுவரை முடியும்?

ஏற்காட்டுக் கயல்

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஒரு கல்லூரியில் உயிர்த்தொழில்நுட்பத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். மார்பகப் புற்றுநோய் செல்களைத் தட்டையாகப் பரப்பி வளர்க்காமல் சிறு உருண்டைகளாக வளர்த்து, அவற்றில் மருந்துகளைச் சோதிப்பதுதான் ஆய்வு. ஆறு மாதமாக ஒரு சந்தேகம் என்னை விடாமல் பிடித்திருக்கிறது; அதைத் துறையில் பழகியவர்களிடம் கேட்டுவிடலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

செய்ததை முதலில் சொல்கிறேன். 96 குழித் தட்டின் ஒவ்வொரு குழியிலும் செல் ஒட்டாத அகரோஸ் கூழை ஊற்றி உறையவிட்டு, அதன்மேல் எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்களை விடுகிறேன். ஒட்டிக்கொள்ள வேறு இடமில்லாததால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, நான்கு நாளில் கடுகில் பாதிகூட இல்லாத உருண்டையாகத் திரண்டுவிடுகின்றன. பத்தாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தால் ஓரம் வெளிச்சமாகவும் நடுப்பகுதி கருத்தும் தெரிகிறது. அந்த நிலையில் உருண்டையைப் பிப்பெட்டால் உறிஞ்சினால், வெளித்தோல் முழுதாக வருகிறது. உள்ளே இருப்பது ஊறிய ரொட்டித்துண்டுபோல் உதிர்ந்து கலங்கிவிடுகிறது. தட்டையான தட்டில் இரண்டே நாளில் செல்களைக் கொல்லும் டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தின் அளவு, இந்த உருண்டையை அசைக்கவில்லை.

சென்ற ஆண்டு ஆய்வு மதிப்பீட்டுக் கூட்டத்தில் ஒருவர், “உடம்பில் இருக்கும் கட்டிக்கு இரத்த நாளம் உண்டு, உங்கள் உருண்டைக்கு இல்லை, அப்படியானால் நீங்கள் அளந்தது எதை?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதன்பிறகு நிதியில் பெரும்பகுதியைச் செலவிட்டு ஹுவெக் எனப்படும் தொப்புள்கொடிச் சிரையின் எண்டோதீலியல் செல்களை (நாளத்தின் உட்சுவரில் படிந்திருப்பவை) ஒரு குப்பி வாங்கினேன். மேட்ரிஜெல் என்ற கூழின் மீது விட்டபோது மாலைக்குள் மிக அழகான வலை உருவானது. மறுநாள் காலையில் அது அறுந்து திட்டுத்திட்டாகக் கிடந்தது. எம்சிஎஃப்-7 உடன் கலந்து உருண்டையாக்கினேன். எண்டோதீலியல் செல்களை அடையாளம் காட்டும் சிடி31 சாயமிட்டுப் பார்த்தால் அவை உள்ளே கட்டிகட்டியாகக் கிடக்கின்றன, குழாய் எதுவும் இல்லை. மேட்ரிஜெல் படத்தை வைத்தே கட்டுரை எழுதிவிடலாம் என்று என் நெறியாளர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மனம் ஒப்பாததற்கு ஒரு காரணம் உண்டு. என் சித்திக்கு மார்பகப் புற்றுநோய்க்காக இதே டாக்ஸோரூபிசினைத்தான் ஏற்றினார்கள். குழாயில் அந்தச் செந்நிற மருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே, “கையில் ஏத்துற இந்தச் சிவப்புத் தண்ணி, கட்டிக்குள்ள எப்படிம்மா போய்ச் சேரும்?” என்று கேட்டார். இரத்த நாளத்தின் வழியாகப் போகும் என்று சொன்னேன். சொன்ன அந்த வழி என் சோதனையில் இல்லவே இல்லை.

கேட்க விரும்புவது இவை. மேட்ரிஜெல் மீது வந்த வலையை நாளம் என்று சொல்லலாமா? தூசியற்ற அறையும் நுண்பம்பும் கான்ஃபோகல் நுண்ணோக்கியும் இல்லாத ஓர் ஆய்வகத்தில், மருந்து உண்மையாகவே நாளத்தின் வழியாகப் போகும் மாதிரியைச் செய்ய முடியுமா? செல்களை நீக்கிய கீரை இலையின் நரம்புகளில் மனித செல்களை வளர்த்ததாகப் படித்தேன்; ஏற்காட்டில் காப்பி இலைக்குப் பஞ்சமில்லை, அது பயன்படுமா?

எங்கள் மின்வசதியையும் கருத்தில் கொள்ளுங்கள். சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை இரவு மின்சாரம் போய், கல்லூரி இன்குபேட்டரின் மாற்று மின்கலமும் தீர்ந்துவிட்டது. ஞாயிறு முதல் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வந்து பார்த்தபோது, கரியமில வாயு இல்லாமல் செல்களின் ஊட்டத் திரவமான மீடியம் கருஞ்சிவப்பாக மாறி, ஐந்து வாரச் செல்கள் மிதந்துகொண்டிருந்தன.

செவ்வாய்ப்பேட்டை

தங்கை கயலுக்கு வணக்கம். நானும் சேலத்தில் பிறந்து வளர்ந்தவன்தான். இப்போது பெங்களூருவில் நுண்பாய்மச் சிப்புகளில் (முடிபோன்ற கால்வாய்களில் திரவம் ஓடும் சிறு தகடுகள்) செல் வளர்க்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். அந்தப் படத்தை நாளம் என்று எழுதாதீர்கள்.

மேட்ரிஜெல் என்பது எலியில் வளரும் ஏங்கல்பிரெத்-ஹோம்-ஸ்வார்ம் என்ற சார்கோமாக் கட்டியிலிருந்து எடுக்கப்படும் கூழ். அதன்மேல் எண்டோதீலியல் செல்களை விட்டால் சில மணி நேரத்தில் கயிறுபோல் இணைந்து வலையாகும். ஒரு நாளில் அறுந்துபோகும். நீங்கள் பார்த்தது அதைத்தான். உங்களிடம் எம்டிஏ-எம்பி-231 இருந்தால் அதே கூழின்மேல் விட்டுப் பாருங்கள். நாளத்தோடு எந்த உறவும் இல்லாத அந்தப் புற்றுநோய் செல்லும் அதுபோன்ற வலையைப் பின்னிக்காட்டும். நாளம் என்றால் நடுவில் உட்புழை இருக்க வேண்டும், ஒரு முனையில் விட்ட திரவம் மறுமுனையில் வர வேண்டும், வழியில் சுவர் அதைத் தாங்க வேண்டும். இம்மூன்றையும் காட்டாமல் சிடி31 படத்தை மட்டும் காட்டுவது, வெட்டிய வாய்க்காலின் படத்தைக் காட்டிப் பாசனம் நடக்கிறது என்று சொல்வது போன்றது.

உருண்டையின் நடு ஏன் கருக்கிறது என்பதிலிருந்து தொடங்கினால் மற்றவை புரியும். ஆக்ஸிஜன் திசுவுக்குள் ஊடுருவிச் செல்லும் தூரம் ஏறத்தாழ 100 முதல் 200 மைக்ரான்தான். வழியில் உள்ள செல்கள் அதை உறிஞ்சிக்கொள்வதால் அதற்கப்பால் எதுவும் மிஞ்சுவதில்லை. மேட்டூர் நீர் தலைமடையிலேயே தீர்ந்துபோனால் கடைமடை காய்வதைப் போல, அரை மில்லிமீட்டர் உருண்டையின் நடு காய்ந்து சாகிறது. 1960களின் தொடக்கத்தில் ஜூடா ஃபோக்மன், அமெரிக்கக் கடற்படையின் ஆய்வகத்தில் ஃபிரெடரிக் பெக்கருடன் சேர்ந்து, கண்ணாடிக் கலத்தில் உயிரோடு வைத்திருந்த தைராய்டு சுரப்பியில் கட்டிச் செல்களை விட்டுப் பார்த்தார். அவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளர்ந்து நின்றுவிட்டன. அதே கட்டிகளை எலிக்குள் வைத்தபோது நாளங்கள் வந்து சேர்ந்து, கட்டி மளமளவென்று வளர்ந்தது. புதிய நாளங்களை வரவழைத்தால்தான் கட்டி பெருக்க முடியும் என்ற கருத்தை அவர் 1971இல் வெளியிட்டார்.

உங்கள் உருண்டையும் நாளங்களை அழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆக்ஸிஜன் குறைந்த செல்லில் ஹிஃப்-1 என்ற புரதம் சிதையாமல் தங்கி, விஇஜிஎஃப் என்னும் நாள வளர்ச்சிக் காரணியைச் சுரக்கவைக்கும். செல்கள் ஆக்ஸிஜனை உணரும் இந்த வழிமுறையைக் கண்டறிந்ததற்காகத்தான் கேலின், ராட்க்ளிஃப், செமென்ஸா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அழைப்பு இருந்தும் ஹுவெக் ஏன் கட்டிகட்டியாகக் கிடந்தது என்றால், அகரோஸ் குழியில் அவை ஊர்ந்து செல்லப் பிடிமானம் இல்லை. எண்டோதீலியல் செல் குழாயாக வேண்டுமானால் அதைச் சுற்றி அறுத்து முன்னேறக்கூடிய கூழும், குழாயைத் தாங்கிப்பிடிக்கும் துணைச் செல்களும் வேண்டும்.

ஆகவே கூழை மாற்றுங்கள். ஃபைப்ரினோஜன் என்ற இரத்தப் புரதத்தில் ஹுவெக்கையும், துணைச் செல்லான ஃபைப்ரோபிளாஸ்ட்டையும் கலந்து, உறையவைக்கும் த்ராம்பின் சேர்த்தால் சில நிமிடங்களில் உறைந்துவிடும்; காயத்தின்மேல் இரத்தம் உறைவதும் இதே வினைதான். ஹுவெக் மில்லிலிட்டருக்கு 50 லட்சம் முதல் ஒரு கோடி வரை வேண்டும். நீர்த்துவிட்டால் செல்கள் ஒன்றையொன்று தேடிச் சேராது. ஆறு முறைக்கு மேல் தட்டு மாற்றி வளர்த்த செல்களை எடுக்காதீர்கள். ஃபைப்ரோபிளாஸ்ட்டை மிச்சம் பிடிக்க நினைக்கவும் வேண்டாம். அது சுரக்கும் பொருள்கள் இல்லாமல் உட்புழை சரியாகத் திறப்பதில்லை. உறைந்த ஃபைப்ரின் கூழைச் செல்களே கரைத்துவிடும் என்பதால், அதைத் தடுக்கும் அப்ரோட்டினினை மீடியத்தில் சேர்க்க வேண்டும். ஐந்து முதல் ஏழு நாளில் குழாய்கள் ஒன்றோடொன்று திறந்துகொள்ளும். மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரோஜர் காமின் குழுவும், இர்வைன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் ஹியூஸ், ஸ்டீவன் ஜார்ஜ் ஆகியோரின் குழுக்களும் இந்த வழியில்தான் சிப்பில் நாள வலையை வளர்த்து, அதற்குள் கட்டியையும் வைத்துக் காட்டினார்கள்.

பம்பு தேவையில்லை. கூழின் இரு பக்கமும் உள்ள தேக்கங்களில் மீடியத்தை உயரம் மாற்றி ஊற்றினால் போதும். 10 மில்லிமீட்டர் உயர வேறுபாடு சுமார் 98 பாஸ்கல் அழுத்தம் தரும், நாளத்துக்குள் ஓட்டம் உண்டாக அது போதுமானது. காலையும் மாலையும் மட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். மின்சாரம் போனாலும் ஓட்டம் நிற்காது என்பது உங்கள் ஊருக்கு ஒரு நன்மை.

இதுவும் கடினமாகத் தோன்றினால் ஊசி முறையில் தொடங்குங்கள். சிறு அக்ரிலிக் பெட்டிக்குள் ஓர் அக்குபங்சர் ஊசியைக் குறுக்கே நிறுத்தி, உங்கள் செல் உருண்டை ஊசியிலிருந்து அரை மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்படி கொலாஜன் என்ற புரதக் கூழை ஊற்றி, 37 பாகையில் அரை மணி நேரம் உறையவிட்டு, ஊசியை மெதுவாக உருவினால் அது இருந்த இடத்தில் ஒரு கால்வாய் மிஞ்சும். அதற்குள் ஹுவெக்கைச் செலுத்தி, கால் மணிக்கு ஒருமுறை பெட்டியைப் புரட்டிவைத்தால் சுவர் முழுதும் செல் படியும். நுண்நாள வலை இதில் கிடைக்காது. ஒரே ஒரு நாளம்தான், அதுவும் தந்துகியைவிடப் பல மடங்கு பருமனானது. ஆனால் அதன் வழியாக மருந்தை அனுப்பி, சுவரைத் தாண்டிக் கட்டிக்கு எவ்வளவு வருகிறது என்று அளக்க முடியும். உங்கள் சித்தி கேட்ட கேள்விக்கு அதுவே நேரான விடை.

எந்த முறையைத் தேர்ந்தாலும் ஒன்றை விட்டுவிடாதீர்கள். நாளம் வளர்த்த மாதிரி என்று வெளிவரும் பல ஆய்வுகளில் கூழை மீடியத்தில் மூழ்கவைத்து, மருந்தையும் அதே மீடியத்தில் கலக்கிறார்கள். மருந்து நான்கு பக்கமும் ஊறி உள்ளே வந்துவிடுகிறது. நடுவில் இருக்கும் நாளம் வெறும் அலங்காரமாகிவிடுகிறது. நாளத்தின் வாயைத் தவிர வேறு வழியில் மருந்து கட்டியை எட்டக் கூடாது. கூழின் மேல்பரப்பு மூடியிருக்க வேண்டும். டாக்ஸோரூபிசின் தானாகவே சிவந்து ஒளிர்வதால் உங்களிடம் இருக்கும் சாதாரண ஒளிர்வு நுண்ணோக்கியிலேயே அதன் பயணத்தைப் பார்க்கலாம். எலியின் கட்டிகளில் அளந்தபோது, நாளத்தை விட்டு விலகும் ஒவ்வொரு 40 முதல் 50 மைக்ரானுக்கும் இந்த மருந்தின் செறிவு பாதியாகக் குறைந்தது. உங்கள் மாதிரியில் அந்தச் சரிவு தெரிகிறதா என்று பாருங்கள்.

இலையைப் பற்றி: வொர்ஸ்டர் பாலிடெக்னிக் குழு 2017இல் கீரையில் செய்தது உண்மை. இலைக்கு நீர் நுழையும் காம்பு உண்டு. திரும்பி வரும் சிரை இல்லை, நீர் இலைத்துளை வழியாக ஆவியாகிவிடும். கட்டி மாதிரிக்கு அந்தக் குறை பெரிது. காப்பி இலையின் மெழுகுப் பூச்சு கூடுதல் தொல்லை. அதில் ஆறு மாதத்தைச் செலவிட வேண்டாம்.

அஸ்தம்பட்டி நோயியல்

கயல் அம்மாவுக்கு வணக்கம். நான் சேலத்தில் முப்பது ஆண்டுகளாகத் திசு வில்லைகளைப் பார்த்துவரும் நோயியல் மருத்துவர். செல் வளர்த்துப் பழக்கமில்லை. ஆனால் நீங்கள் எதைப் போலச் செய்ய முயல்கிறீர்களோ, அதைத் தினமும் பார்க்கிறேன்.

மேலே தம்பி எழுதியதோடு எனக்கு உடன்பாடே. ஒன்று சேர்க்க வேண்டும். ஆய்வகத்தில் நல்ல செல்களையும் நல்ல ஃபைப்ரோபிளாஸ்ட்டையும் வைத்து வளர்த்த நாளங்களின் படங்களைப் பார்க்கும்போது, அவை ஆரோக்கியமான திசுவின் நாளங்களைப் போல ஒழுங்காக இருப்பதைக் காண்கிறேன். கட்டியின் நாளம் அப்படி இருக்காது. சிடி31 சாயமிட்ட மார்பகக் கட்டி வில்லையில் ஒரு நாளம் திடீரென்று ஏரிபோல் விரிந்திருக்கும், பக்கத்திலேயே இன்னொன்று நசுங்கி ஒரு கோடாக இருக்கும், சில எங்கும் போகாமல் முடிந்துவிடும். சுவரை வெளியிலிருந்து கட்டிப்பிடிக்கும் பெரிசைட் செல்கள் பல இடங்களில் விலகியிருக்கும். சுவர் கசிவதால் வெளியில் திரவம் தேங்கி, கட்டிக்குள் அழுத்தம் ஏறி, மருந்து உள்ளே தள்ளப்படுவதற்கான விசையே இல்லாமல் போகிறது. புற்றுநோய் ஆய்வாளர் ராகேஷ் ஜெயின் இதைப் பல ஆண்டுகள் அளந்து, இந்த நாளங்களை முற்றிலும் அழிப்பதைவிடச் சீர்படுத்தினால் மருந்து நன்றாகச் சேரும் என்று 2001இல் முன்வைத்தார். ஆகவே உங்கள் நாளம் கசியவில்லை என்பதற்காக மகிழ்ந்துவிடாதீர்கள். கட்டியை வைக்காத பெட்டியில் கசியாமலும், கட்டியை வைத்த பெட்டியில் கசிந்தும் இருந்தால்தான் அது கட்டியின் நாளம்.

உங்கள் உருண்டையை வில்லைகளோடு ஒப்பிடுங்கள். 1955இல் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் கட்டிகளை அளந்து, இரத்தம் ஓடும் இடத்திலிருந்து ஏறத்தாழ 180 மைக்ரானுக்கு அப்பால் செல்கள் செத்திருப்பதைக் காட்டினார்கள். நாளத்தைச் சுற்றி உயிருள்ள செல்கள் ஓர் உறைபோல் இருக்கும். அதற்கு வெளியே சாவு. உங்கள் உருண்டையில் வெளியே உயிரும் உள்ளே சாவும். உடம்பில் இருப்பதன் அகம்புறம் மாறிய வடிவம் உங்களிடம் இருக்கிறது. அளந்தது எதை என்று கேட்டவருக்கு இதையே பதிலாகச் சொல்லலாம்: மருந்தின் ஊடுருவலை அளந்தேன், ஆனால் தலைகீழ் திசையில்.

மார்பகப் புற்றுநோயை எடுத்திருப்பதால் இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். விஇஜிஎஃப்பைத் தடுக்கும் பெவாசிசுமாப், பெருங்குடல் புற்றுநோயில் நோயாளிகளில் பாதிப்பேர் உயிரோடிருந்த காலத்தை 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாக உயர்த்தி, 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதே மருந்துக்கு மார்பகப் புற்றுநோயில் தந்த ஒப்புதலை 2011இல் திரும்பப் பெற்றார்கள். கட்டி சில மாதம் அடங்கியிருந்ததே தவிர நோயாளிகள் கூடுதலாக வாழவில்லை. சில கட்டிகள் புதிய நாளத்தை வளர்ப்பதே இல்லை, ஏற்கெனவே இருக்கும் நாளத்தைச் சுற்றிப் படர்ந்துகொள்கின்றன. கல்லீரலிலும் நுரையீரலிலும் மூளையிலும் இதைப் பார்க்கிறோம். பெவாசிசுமாப் எலியின் விஇஜிஎஃப்பைச் சரியாகப் பிடிக்காது என்பதால், மனித செல்களால் ஆன மாதிரிக்கு இங்கே உண்மையான தேவை இருக்கிறது. 2023இல் நம் நாட்டின் புதிய மருந்து விதிகளில் செய்த திருத்தம், முப்பரிமாணச் செல் மாதிரிகளையும் சிப்புகளையும் விலங்குச் சோதனைக்கு மாற்றாக ஏற்றுக்கொண்டிருப்பதையும் உங்கள் நெறியாளரிடம் சொல்லுங்கள்.

ஹுவெக்குக்காக நிதியைக் கரைக்க வேண்டாம். தொப்புள்கொடியில் இரண்டு தமனியும் ஒரு சிரையும் இருக்கும். அகலமாகத் தெரியும் அந்தச் சிரையைக் கழுவி, திசுவைக் கரைக்கும் கொலாஜினேஸ் நொதியை நிரப்பிப் பத்து நிமிடம் வைத்துச் செல்களை எடுக்கும் முறையை ஜாஃபே 1973இலேயே வெளியிட்டுவிட்டார். பிரசவ வார்டில் கொடியைத் தூக்கித்தான் போடுகிறார்கள். ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைப்படி நெறிமுறைக் குழுவின் அனுமதியும், பிரசவத்துக்கு முன்பே தாயிடம் தமிழில் விளக்கிப் பெற்ற கையொப்பமும் வேண்டும். வலி வந்த பிறகு காகிதத்தை நீட்டாதீர்கள்.

ராசிபுரத்தான்

நான் கால்நடை மருத்துவர், கோழி இனப்பெருக்கப் பண்ணைகளோடு வேலை. சிப்பு தயாராகும்வரை காத்திருக்க வேண்டாம். இரத்தம் ஓடும் நாளம் இன்றே வேண்டுமென்றால் முட்டைக்குள் இருக்கிறது. கருமுட்டையின் ஓட்டை ஒட்டி வளரும் சோரியோஅலன்டாயிக் சவ்வு என்பது குஞ்சு மூச்சுவிடுவதற்கான நாள வலை. 1911இலேயே ரவுஸும் மர்ஃபியும் கோழிக்கட்டியைக் கருமுட்டையில் வைத்து வளர்த்திருக்கிறார்கள். குஞ்சின் நோய் எதிர்ப்பு முதிராததால் மனித செல்லையும் அது தள்ளிவிடாது.

நாமக்கல் முட்டை என்றவுடன் கடையில் ஒரு தட்டு வாங்கிவிடாதீர்கள். ஒரு மாணவர் அப்படி வாங்கி ஒரு வாரம் அடைவைத்துவிட்டு எங்களிடம் வந்தார். முட்டைக்கோழிப் பண்ணையில் சேவலே கிடையாது, அந்த முட்டையில் கருவும் இருக்காது. குஞ்சு பொரிப்பகத்துக்குப் போகும் கருமுட்டையைக் கேளுங்கள். வண்டியில் குலுங்கி வந்த முட்டையை அகன்ற முனை மேலே இருக்கும்படி ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு, 37.5 பாகையில், 60 விழுக்காடு ஈரப்பதத்தில் அடைவையுங்கள். மூன்றாம் நாள் ஊசியால் இரண்டு மூன்று மில்லிலிட்டர் வெள்ளைக்கருவை உறிஞ்சினால் கரு கீழே இறங்கிவிடும். அதன்பின் ஓட்டில் சிறு சன்னல் வெட்டி ஒட்டுநாடாவால் மூடுங்கள். ஒன்பது பத்தாம் நாளில் சவ்வு நன்றாக விரிந்திருக்கும். உங்கள் உருண்டையைச் சிறிது கூழில் வைத்து, தடித்த நாளம் ஒன்று கவையாகப் பிரியும் இடத்தில் அமர்த்துங்கள். மூன்று நான்கு நாளில் ஆரக்கால்போல் நாளங்கள் அதை நோக்கி வளைந்து வருவதை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். கருமுட்டையில் வேலை செய்பவனுக்கே அந்தக் காட்சி ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்கிறது.

எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். நாளம் கோழியினுடையது. சவ்வில் இயல்பாகவே நாளம் பெருகிக்கொண்டிருப்பதால், கட்டி வரவழைத்தது எது, தானாக வந்தது எது என்று பிரித்தறிய வெறும் கூழ் வைத்த முட்டைகளும் சம எண்ணிக்கையில் வேண்டும். பதினேழாம் நாளுக்குள் முடித்துவிட வேண்டும், ஆகவே உங்களுக்குக் கிடைப்பது ஒரே வாரம். முட்டைகளில் ஒரு பங்கு செத்துவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு அடைவையுங்கள். கருவோடு செய்யும் வேலைக்கு உங்கள் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

ஏற்காட்டுக் கயல்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் அம்மா சொன்ன “அகம்புறம் மாறிய வடிவம்” என்ற விளக்கத்தை நேற்று நெறியாளரிடம் தாளில் வரைந்து காட்டினேன். நீண்ட நேரம் பார்த்துவிட்டு, மேட்ரிஜெல் படத்தைக் கட்டுரையிலிருந்து எடுத்துவிடலாம் என்று அவரே சொன்னார். ஹுவெக் வேலைக்கான நெறிமுறைக் குழு விண்ணப்பத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். அனுமதி வரும்வரை ஊசி முறையைக் கையிலிருக்கும் மீதிச் செல்களில் பழகலாம் என்று முடிவு. முட்டை முறையை உடன் ஆய்வு செய்யும் தோழி எடுத்துக்கொள்கிறார்.

செவ்வாய்ப்பேட்டை அண்ணாவிடம் ஒரு சந்தேகம். பெட்டிக்காகச் சேலத்தில் பெயர்ப்பலகை செய்யும் கடை ஒன்றில் அக்ரிலிக்கை லேசரில் வெட்டி வாங்கினேன். கிருமிநீக்கத்துக்கு 70 விழுக்காடு ஆல்கஹாலில் போட்டவுடன் வெட்டிய ஓரங்களில் மெல்லிய விரிசல்கள் ஓடிவிட்டன. கொலாஜனும் ஊசியை உருவும்போது சுவரிலிருந்து கழன்று வருகிறது. சிப்பு செய்யப் பயன்படும் பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பருக்கு மாறிவிட வேண்டுமா?

செவ்வாய்ப்பேட்டை

மாற வேண்டாம். பிடிஎம்எஸ், நீரில் எளிதில் கரையாத சிறு மூலக்கூறு மருந்துகளைத் தனக்குள் உறிஞ்சிக்கொள்ளும். கட்டிக்குப் போய்ச் சேராத மருந்தையெல்லாம் நாளச் சுவர் தடுத்ததாக நீங்கள் எழுதிவிடக்கூடும். அக்ரிலிக்கில் அந்தத் தொல்லை குறைவு.

விரிசலுக்குக் காரணம் லேசரின் வெப்பம். வெட்டிய ஓரத்தில் இறுக்கம் தங்கிவிடுகிறது, ஆல்கஹால் பட்டவுடன் அது வெடிக்கிறது. வெட்டிய துண்டுகளை 80 பாகை அடுப்பில் சில மணி நேரம் வைத்து, அடுப்பை அணைத்துவிட்டு, கதவைத் திறக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். அதன்பிறகும் ஆல்கஹாலில் ஊறப்போடாமல் துடைத்து எடுத்து, புற ஊதா ஒளியில் இரு பக்கமும் வையுங்கள். ஆட்டோகிளேவில் வைத்தால் வளைந்துவிடும். மீன்தொட்டி ஒட்டும் சிலிக்கோன் பசையைப் பயன்படுத்தினால் அதன் புளிப்பு வாடை முற்றிலும் போகும்வரை இரண்டு மூன்று நாள் காயவிட வேண்டும். அந்த வாடை அசிட்டிக் அமிலம், செல்லைக் கொன்றுவிடும்.

கொலாஜன் கழல்வதற்கு: டோபமைனை மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம், அமில காரச் சமநிலை 8.5 உள்ள டிரிஸ் கரைசலில் கரைத்து, பெட்டியின் உட்புறத்தில் சில மணி நேரம் நிரப்பிவையுங்கள். கரைசல் காப்பி டிகாக்ஷன் நிறத்துக்கு மாறும். சுவரில் மெல்லிய பழுப்புப் படலம் ஒட்டியிருக்கும், கொலாஜன் அதைப் பற்றிக்கொள்ளும். ஊசியின்மேல் மட்டும் மாட்டு அல்புமின் கரைசலைப் பூசி உலரவிடுங்கள். சுவர் பிடிக்கும், ஊசி வழுக்கிக்கொண்டு வெளியேறும். உருவும்போது தேக்கங்களில் மீடியம் நிரம்பியிருக்கட்டும், இல்லையென்றால் கால்வாய்க்குள் காற்றுக்குமிழ் புகுந்துவிடும்.

முதல் சில பெட்டிகளைச் செல் இல்லாமலேயே செய்து, நிறமிட்ட நீரை ஒரு தேக்கத்தில் ஊற்றி மறுபக்கம் வருகிறதா, கூழுக்கும் அக்ரிலிக்குக்கும் இடையே ஒழுகுகிறதா என்று பாருங்கள். ஒழுகாத பெட்டி கிடைத்த பிறகு ஹுவெக்கை விட்டு, இரண்டு நாள் கழித்து ஒளிரும் 70 கிலோடால்டன் டெக்ஸ்ட்ரான் என்ற பெரிய சர்க்கரை மூலக்கூறை அனுப்பி, நாளம் கசிகிறதா என்று நிமிடத்துக்கு ஒரு படம் வீதம் கால் மணி நேரம் எடுங்கள். கட்டி வைத்தது ஒன்று, வைக்காதது ஒன்று. இரண்டு வரிசைப் படங்களையும் இங்கேயே பதிவிடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.